பூக்காரம்மாவின் கியர் பெட்டி

ஈப்போவில் சிலிபின் பக்கம், காரில் தானாகவே கியர் மாற்றுகிற ஆட்டோ கியர் பெட்டிகளை மட்டும் பிரித்துச் சரிசெய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே பெட்டிச் சாமான்களைக் கழுவுகிற வேலையில் நான் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. முதலாளியைத் தவுக்கே என்போம், சீனர். மெக்கானிக் நம் ஆள், பீடோர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். என்னோடு சேர்த்துப் பட்டறையில் மூன்று பேர்தான். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது நேருக்கு நேர் பார்த்து ஒன்று கேட்டால் தெரிந்த பதில்கூடத் தொண்டையில் நின்றுவிடும். தலையை ஆட்டிவிடுவேன். இரும்புச் சாமான்கள் எதையும் கேட்பதில்லை. அதனால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போயிற்று.

தம்பி பெட்டியைக் காரிலிருந்து இறக்கிப் பிரித்துப் போடுவார். நான் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றுக் குழாயால் ஊதிக் காயவைப்பேன். கழற்றின வரிசை மாறாமல் அட்டையில் பரப்பி வைக்க வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கியர் பெட்டிப் புத்தகமெல்லாம் எனக்குப் புரியாது. அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். அட்டையில் ஒவ்வொரு சாமானையும் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். கழுவி முடித்ததும் அதனதன் கோட்டுக்குள் அதனதை வைப்பேன். எந்தக் கோடு காலியாக இருக்கிறதோ அந்தச் சாமான் இன்னும் எண்ணெய்ச் சட்டிக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். தவுக்கே முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பென்சில் தீர்ந்தால் அவரே வாங்கி வந்து வைத்தார்.

கோடு போட முடியாதது ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பாதியாக ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். வால்வ் பாடி என்பார்கள். அதைப் பிரித்தால் கறையான் புற்றைக் குறுக்கே வெட்டினாற்போல உள்ளே வளைந்து வளைந்து வழிகள் ஓடும். அந்த வழிகளில்தான் எண்ணெய் போய்ப் போய் கியரை மாற்றுகிறது. அங்கங்கே ஒரு குழியில் ஓர் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும். மிளகைவிடப் பெரிது, கொண்டைக்கடலையைவிடச் சிறிது. எண்ணெய் ஒரு பக்கமாக வந்தால் குண்டு விலகி வழிவிடும். மறு பக்கமாக வந்தால் வழியை அடைத்துக்கொள்ளும். இந்தக் குண்டுகளை அட்டையில் வைத்தால் உருண்டு ஓடும். அதனால் பால் டின் மூடியில் போட்டு எண்ணி வைப்பேன்.

எண்ணெய் பார்ப்பதையும் கற்றுக்கொண்டேன். நல்ல கியர் எண்ணெய் சிவப்பாக, சிராப் தண்ணீர் நிறத்தில் இருக்கும். பால் விடாத கோப்பி ஓ நிறத்துக்கு வந்து, கருகின வாடையும் அடித்தால் பெட்டிக்குள் ஏதோ தீய்ந்துகொண்டிருக்கிறது. அநேகம் பேர் காரை நிறுத்திவிட்டுக் எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கிறார்கள். இஞ்சின் எண்ணெய்க்கு அது சரி. எங்களிடம் வருகிற அநேகப் பெட்டிகளுக்கு இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும், கியர் கம்பை எல்லா கியரிலும் ஒரு தடவை நகர்த்திவிட்டு வந்து பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். எஸ்டேட் லோரி ஓட்டிப் பழகினவர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள். ஊற்றி ஊற்றி நுரைக்க வைத்துக் கொண்டுவருவார்கள்.

பூக்காரம்மா கார் கொண்டுவந்தது நவராத்திரி நடக்கிற சமயம். கோயிலுக்குப் போகிற பாதையில் அவருக்குப் பூக்கடை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பின்சீட்டை மடக்கினால் கூடைகள் போகிற மாதிரி பழைய கார் ஒன்று வைத்திருந்தார். சாதாரண நாளில் பூ தோட்டக்காரர் லோரியிலேயே கடைக்கு வந்துவிடும். தீபாவளி, பொங்கல் என்றால் மட்டும் கேமரன் மலைக்குத் தானே ஏறிப்போய், சாமந்தியைத் தோட்டத்தில் நின்று பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவார். நசுங்கின பூவை மாலையில் கட்டி சாமியை ஏமாற்றக்கூடாது என்பார். தனியாகத்தான் போவார், தனியாகத்தான் இறங்குவார்.

கம்பை முன்னால் ஓட்டுகிற டியில் போட்டால் கார் உடனே நகரவில்லை, பத்து வரை எண்ண வேண்டியிருக்கிறது என்றார். குச்சியை எடுத்துப் பார்த்தேன். கோப்பி ஓ. தம்பி பெட்டியை இறக்கினார். உள்ளே கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சு தேய்ந்து கரியாகியிருந்தது. புதுத் தட்டுகள் வர நாலு நாள் ஆகும் என்று தவுக்கே சொன்னார்.

அந்த நாலு நாளும் பூக்காரம்மா மத்தியானத்தில் பட்டறைக்கு வந்து, என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பூ தொடுப்பார். தன் கார் சாமான் கழுவப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வாய் ஓயாது. மருமகன் குறட்டை, பக்கத்துக் கடைக்காரி வாடின ரோஜாவுக்குத் தண்ணீர் தெளித்து விற்பது, மலை இறக்கத்தில் காய்கறி லோரிகள் பின்னாலேயே முட்டிக்கொண்டு வருவது எல்லாம் எனக்குச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

“இந்த அக்காகிட்ட சொல்றது கெணத்துல கல்லு போட்ட மாதிரி தம்பி,” என்றார் ஒருநாள். “சத்தம்கூட வரமாட்டேங்குது.”

“அதனாலதான் நான் அங்கயே கொட்டுறது,” என்றார் தம்பி காருக்கு அடியிலிருந்து.

எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. அதையும் நான் அவரிடம் சொன்னதில்லை.

அவர் சொன்னதில் மலை இறக்கம் மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளமாம். இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். அதனால் கம்பை டியிலிருந்து இறக்கி இரண்டாம் கியரில், இரண்டில் போட்டுவிடுவாராம். இஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கி வரலாம் என்றார். சொன்னபோது பூ நாரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. தவுக்கேவுக்கு வாசலில் டத்தோ கோங் என்கிற காவல் சாமி மேடை இருக்கிறது. அவர் ஊதுபத்தி அங்கே. உள்ளே சுவரில் எங்கள் அம்மன் படம். பூஜையன்று வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து சந்தனமும் குங்குமமும் வைப்பேன். கையில் இருக்கிற வேலையையும் சாமிக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். பிரித்த பெட்டி இருந்தால் அட்டையோடு கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஆனால் அதன் உள்சாமானுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று முதல் வருடமே தம்பி கண்டித்துச் சொல்லியிருந்தார். தூசு ஒன்று போனாலும் அந்தப் புற்று வழிகள் அடைத்துக்கொள்ளும். சந்தனம், விபூதி எதுவும் ஆகாது. நானும் அப்படியே நடந்துவந்தேன்.

அந்த வருடம் சாமி முன்னால் இருந்தது பூக்காரம்மாவின் பெட்டி. மாலை கொண்டுவந்தவரும் அவர்தான். கற்பூரம் காட்டி முடிந்து, பூசணிக்காய் உடைக்க எல்லாரும் ரோட்டுக்குப் போனார்கள். நான் உள்ளே தனியாக நின்றேன். ஸ்பானருக்கெல்லாம் பொட்டு இருந்தது. மலை ஏறி இறங்கப்போகிற சாமான்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. பால் டின் மூடியில் இருந்த குண்டுகளை எடுத்து, விபூதிக் கிண்ணத்துக்குள் போட்டு, கைகூப்பினேன். கழுவுகிறவள் நான்தானே, உடனே மறுபடி கழுவிவிட்டால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். விரலை விட்டுத் துழாவி, கையில் பட்டதையெல்லாம் எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, துணியில் துடைத்து மூடியில் போட்டுவிட்டு ஓடினேன். எண்ணவில்லை. எல்லாரும் போன பிறகு தம்பி புது விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அதே கிண்ணத்தில் கொட்டி நிரப்பினார்.

மறுநாள் புதுத் தட்டுகள் வந்தன. தம்பி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். வால்வ் பாடிக்கு வந்ததும் மூடியைக் கையில் எடுத்தார்.

“அக்கா, குண்டு ஆறுதானே?”

நான் மூடியைப் பார்த்தேன். ஆறு இருந்தன. முதல் நாள் கழுவும்போது ஏழு எண்ணியதாக ஞாபகம். அப்படி எண்ணினேனா, அதற்கு முந்தின வாரத்துப் பெட்டியில் எண்ணினேனா என்று ஒரு கணம் குழம்பினேன். குழப்பம் ஒரு கணம்தான். பிறகு வந்தது பயம். ஏழு என்றால் ஏழாவது எங்கே என்று கேட்பார். எங்கே என்றால் விபூதியைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லியும் செய்திருக்கிறேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டேன்.

“இந்த மாடலுக்கு ஆறுதான்,” என்று அவரே சொல்லிக்கொண்டு குழிகளில் வைத்தார். சில குழிகள் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஒன்று கூடுதலாகக் காலியாக இருப்பது வெளியே தெரியாது.

கார் நன்றாக ஓடியது. தம்பி சிலிபினைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். ஈப்போ தட்டையான ஊர். இங்கே கம்பை டியில் போட்டால் வீட்டுக்கு வந்துதான் எடுப்பார்கள். இரண்டில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பூக்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் தலையில் வைக்கவில்லை, அம்மன் படத்துக்குப் போட்டேன்.

கிண்ணத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். கை கழுவுகிற நேரம்கூட ஆகியிருக்காது. நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ. தினம் காலையில் மேலாக ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தேன். எண்ணியது ஆறுதான் என்று பத்துப் பன்னிரண்டு நாளில் நானே நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். கிண்ணத்தில் விபூதி குறைந்திருந்தது. காலையில் விரலை வைத்தபோது கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

எடுத்து முந்தானையில் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. அதைக் கையில் மூடிக்கொண்டு போய் எண்ணெய்ச் சட்டி பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஏதோ தேய்த்தேன். என்ன சாமான் தேய்த்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பிறகு எழுந்து போனேன். தம்பி ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முகம் தெரியவில்லை, கால் மட்டும் வெளியே தெரிந்தது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. குனிந்து அந்தக் காலிடம்தான் சொன்னேன்.

“தம்பி, ஒரு குண்டு விபூதியில இருந்திச்சு.”

“என்ன குண்டு?”

“வால்வ் பாடி குண்டு. பூக்காரம்மா பெட்டியோடது.”

அவர் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையை நீட்டினார், கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார்.

“அதுக்கு ஆறுதான்கா.”

“ஏழு. நான் எண்ணுனேன்.”

“அன்னிக்குக் கேட்டப்ப தலையாட்டுனீங்கல்ல?”

“ஆட்டுனேன்.”

விபூதிக்குள் எப்படிப் போயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியில் அந்த மாடலின் படத்தை எடுத்துப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். அந்தக் கார் முதலில் வந்தபோது ஆறு குண்டுதானாம். பிறகு வந்த வண்டிகளில் ஒன்று கூட்டியிருக்கிறார்கள். கூட்டினது கம்பை இரண்டில் வைக்கும்போது எண்ணெய் போகிற வழியில். டியில் ஓட்டினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மேடும் ஏறிவிடும். இறக்கத்தில் இரண்டில் போட்டால் எண்ணெய் அந்தக் காலிக் குழி வழியாகக் கசிந்து போய்விடும், கியர் பிடிக்காது, இஞ்சின் காரைத் தாங்காது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“பிரேக்க மட்டும் நம்பித்தான் எறங்கணும்,” என்றார். “எப்பக்கா மேல போறாங்க?”

எனக்குத் தெரியும். பூக்காரம்மாதான் எல்லாம் சொல்லியிருந்தாரே. தீபாவளிக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்புவார். அன்று வெள்ளிக்கிழமை.

தம்பி போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பூ கட்டும்போது அவர் எடுக்கமாட்டார், போன் கைப்பைக்குள் கிடக்கும். அதுவும் எனக்குத் தெரியும். தவுக்கே சாமான் வாங்க வெளியே போயிருந்தார். ஒரு கார் பாதி பெட்டி தொங்க ஜாக்கியில் நின்றது, அதை விட்டுவிட்டுத் தம்பி நகர முடியாது.

“நீங்க போய்ச் சொல்லிருங்கக்கா. நான் அடிச்சிக்கிட்டே இருக்கேன்.”

குண்டைத் திருப்பி என் கையில் வைத்தார். நடந்து போனால் கால் மணி நேரம். நல்ல வெயில். என்ன சொல்வது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடையை ஒட்டிய சந்தில் கார் நின்றது, பின்கதவு திறந்து கிடந்தது, காலிக் கூடைகள் ஏற்றியாகிவிட்டது. கடைகளில் நான் எப்போதும் கடைசியாகத்தான் வாங்குவேன். எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நிற்பது என் பழக்கம். அன்றும் அப்படியே நின்றேன். ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார். பூக்காரம்மாதான் என்னைப் பார்த்தார்.

“என்னக்கா, வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க? மாலை மாத்தப் போறீங்களா? மாப்புள எங்க?”

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வழியில் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய்ச் சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி என்ன என்றார். கையைத் திறந்து, பூ பரப்பியிருந்த பலகையில் குண்டை வைத்தேன். அது உருண்டு சாமந்திக்குள் போகப் பார்த்தது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“காடிய எடுக்காதீங்க. இது உள்ள இல்ல. மலை எறங்கறப்ப கியர் புடிக்காது.”

அவர் நார் சுற்றிய கையோடு அப்படியே நின்றார். வாங்க வந்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

“பத்து நாளா ஓடுதேக்கா. தண்ணி மாதிரி ஓடுது.”

“தட்டையான ரோட்டுல ஓடும். மேடும் ஏறும். எறக்கம்தான்.”

“யாரு தொலைச்சது? தம்பியா?”

“நான்.”

பிறகு விபூதிக் கிண்ணத்தை எத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்ததோ அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தம்பி ஆறா என்று கேட்டதையும் நான் தலையாட்டியதையும் விடவில்லை. விட்டால் பழி அவர் மேல் போய்விடும். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் தொடர்ச்சியாகப் பேசியது அன்றுதான்.

பூக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. சொல்லி வைத்த மாலைகள் அத்தனை, தோட்டக்காரன் பூவை வெட்டி வைத்திருப்பான், இன்றைக்கு ஏற்றாவிட்டால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவான் என்றார். சாமி கும்பிடுகிறேன் என்று சாமானைத் தொலைத்துவிட்டு இப்போது வந்து நிற்கிறீர்களே என்றார். சந்தில் நின்ற காரைப் பார்த்தார். மெதுவாக ஓட்டினால், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் இறங்கிவிடலாம்தானே என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டார். இருபது வருடமாக அந்த ரோடு தெரியும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி என்ன சொல்றாருன்னு எனக்கு வேணாம். கழுவுனது நீங்க. போலாமா, போகக்கூடாதா?”

எனக்குக் கியர் பெட்டியின் உள் கணக்கு தெரியாது. காலியான கோடு இருந்தால் சாமான் சேரவில்லை என்பது மட்டும் தெரியும். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை தானாகவே ஆடப் பார்த்தது.

“போகக்கூடாது,” என்றேன்.

அவர் நாரைக் கீழே வைத்தார். கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார். அது அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தம்பியிடம் என்னென்னவோ கேட்டார். வைத்துவிட்டு, மலையிலிருந்து இறங்குகிற காய்கறி லோரிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அவரோடு சண்டை போடுகிற மாதிரிப் பேசினார். நான் கிளம்பும்போது எதற்காகக் குண்டுக்குப் போய் விபூதி போட்டீர்கள் என்று கேட்டார். நான் பலகையிலிருந்த குண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வாங்க வந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூ அன்றைக்கு முட்டைக்கோஸ் மூட்டைகளோடு லோரியில் வந்தது. ஒரு கட்டு முழுக்க நசுங்கிப் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். பாதி மாலைகளுக்கு வேறு ஊர்ப் பூவை வாங்கிக் கட்டியிருக்கிறார்.

தவுக்கேயிடம் நானே சொன்னேன். என் மலாய் அரைகுறை. குண்டையும் கிண்ணத்தையும் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த அம்மனைப் பார்த்தார். காருக்குக் காவல் வேண்டுமென்றால் வாசலில் டத்தோ கோங் இருக்கிறார், அவரிடம் ஒரு வாழைப்பழம் வைத்துக் கேட்டிருக்கலாமே என்றார். கேலியா, உண்மையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. இனிமேல் குண்டை வாய்விட்டு எண்ணு, மூன்று பேர் காதிலும் விழ வேண்டும் என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நான் துணிப்பையை மடித்து வைத்திருந்தேன்.

கார் சனிக்கிழமை வந்தது. இந்தத் தடவை முழுப் பெட்டியையும் இறக்க வேண்டியதில்லை. அடிச்சட்டியைக் கழற்றினால் வால்வ் பாடி கைக்கு வந்துவிடும். எண்ணெய் வடிந்தபோது நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். சிராப் நிறம் மாறவில்லை, வாடையும் இல்லை. இரண்டில் போட்டு ஓட்டியிருந்தால் நழுவி நழுவி இரண்டாம் கியரைப் பிடிக்கிற பட்டை தீய்ந்திருக்கும், நல்லவேளை என்றார் தம்பி. காலிக் குழியில் வாஸ்லின் தடவிக் குண்டை ஒட்டவைத்தார். மற்ற ஆறையும் எடுத்து மறுபடி வைத்தார். நான் எண்ணினேன். என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பூக்காரம்மா சாவியை வாங்க வந்தபோது சிரிக்கவில்லை. இந்த ஊர் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் நம்பமாட்டேன், சிம்பாங் பூலாய் வழியாக மலை ரோட்டில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும் என்றார். தானே ஓட்டுவதாகவும் சொன்னார். தம்பி சரியென்று பின்சீட்டில் ஏறினார்.

“அந்த அக்காவும் வரட்டும்,” என்றார் பூக்காரம்மா. “முன்னால உக்காருங்க. புடிக்கலைன்னா மூணு பேருமாப் போவோம்லா.”

நான் ஏறினேன். இத்தனை வருடம் பேராக் மாநிலத்தில் இருந்தும் கேமரன் மலைக்கு நான் போனதில்லை. சிம்பாங் பூலாய் தாண்டி ரோடு ஏற ஆரம்பித்தது. காது அடைத்தது. கார் நன்றாகவே ஏறியது. பூக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். இறக்கம் நீளமாக இருக்கிற ஓர் இடம் வரை போய், கடைகள் இருந்த ஓரத்தில் திருப்பி நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் ரோடு வளைந்து வளைந்து கீழே போனது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், அவர் சொன்ன மாதிரியேதான்.

கம்பை இரண்டில் வைத்தார். கார் உருள ஆரம்பித்தது. முதல் வளைவு வரை வேகம் ஏறியது. தம்பி பின்னாலிருந்து, “பிரேக்ல கால் வைக்காதீங்கம்மா, விடுங்க,” என்றார். இஞ்சின் சத்தம் தடித்தது, உறுமலாயிற்று. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் கார் அடங்கியது.

ரோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பூக்காரம்மாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்பு போட்ட கால், பிரேக்குக்கு ஓர் அங்குலம் மேலே, மிதிக்காமல் நின்றது. வளைவு வந்தது, கால் அங்கேயே நின்றது. அடுத்த வளைவு. பின்னால் ஒரு காய்கறி லோரி நெருங்கி வந்து ஹார்ன் அடித்தது. அவர் கண்ணாடியில் பார்த்தார்.

“அடிக்கட்டும்,” என்றார்.

கார் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.